நேட் விமானத்தின் அடியில் ஒரு டிசம்பர்: ஸ்ரீநகர், 1971

எழுபத்தொன்று இந்திய-பாகிஸ்தான் போரில் இருந்தேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும், "சண்டையைக் கண்ணால பாத்தீங்களா தாத்தா?" என்று கேட்பார்கள். நான் அதிகம் பார்த்தது நேட் என்கிற ஒரு சின்னஞ்சிறு சண்டை விமானத்தின் அடிப்பகுதியை. மல்லாக்கப் படுத்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஹைட்ராலிக் குழாயில் எங்கே கசிகிறது என்று தேடிக்கொண்டிருந்த காலம் அது. வானத்தில் நடந்தது பைலட்டுகளின் போர். எங்களுக்கு எதிரி குளிர், தூக்கமின்மை, அவசரம். இந்த மூன்றையும் சமாளிக்கக் கற்றது பின்னாளில் நான் பார்த்த எல்லா வேலைக்கும் உதவியது. லடாக்குக்கோ, கனடாவுக்கோ, வளைகுடாவில் ராத்திரி ஷிப்டுக்கோ போகிற பிள்ளைகளுக்குப் பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

ஊர் கோவில்பட்டிப் பக்கம். கரிசல்காட்டு வெயிலில் வளர்ந்தவனுக்குக் குளிர் என்றால் மார்கழிக் காலையில் போர்த்திக்கொள்ளும் துண்டுதான். விமானப்படையில் சேர்ந்து ஏர்ஃப்ரேம் பிரிவில் மெக்கானிக் ஆனேன். ஒரு விமானத்துக்கு ஏர்ஃப்ரேம், என்ஜின், எலெக்ட்ரிகல், இன்ஸ்ட்ருமென்ட், ரேடியோ, ஆர்மமென்ட் என்று தனித்தனி ஆட்கள் உண்டு. சக்கரம், பிரேக், ஹைட்ராலிக், இறக்கையை அசைக்கும் கன்ட்ரோல்கள், பைலட்டின் தலைக்கு மேலே மூடும் கண்ணாடிக் கூண்டு இவையெல்லாம் ஏர்ஃப்ரேம்காரன் பொறுப்பு. எங்கள் ஸ்குவாட்ரன் அம்பாலாவில் இருந்தது. ஸ்ரீநகரில் சண்டை விமானங்களை நிறுத்தி வைப்பதில்லை என்று 1948 காலத்திலிருந்து ஓர் ஏற்பாடு இருந்தது. அதனால் போர் மூண்டபோதுதான் நேட் விமானங்களும் அவற்றோடு நாங்களும் அங்கே போனோம். ஜம்முவுக்கே ரயில் வராத காலம். சரக்கு விமானத்தில் ஜாக், சிலிண்டர், டயர், பெட்டி படுக்கை எல்லாவற்றுக்கும் நடுவில் நாங்களும் ஒரு சரக்காக உட்கார்ந்து போனோம்.

இறங்கியதும் தெற்கே பீர் பஞ்சால் மலை முழுக்க வெள்ளையாக நின்றது. ரொம்ப அழகு. கால்மணி நேரத்தில் காதுமடல் வலிக்க ஆரம்பித்ததும் அழகு மறந்துபோயிற்று. ஸ்ரீநகர் ஓடுபாதை கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 1,650 மீட்டர் உயரத்தில், சுற்றிலும் தடுப்பில்லாத ஒரு மேட்டுநிலத்தின் மேல் இருக்கிறது. காற்றுக்குக் குறுக்கே நிற்க எதுவும் கிடையாது. நாங்கள் நடுங்குவதைப் பார்த்து உள்ளூர்த் தொழிலாளிகள் சிரிப்பார்கள். அவர்கள் கணக்கில் குளிரே டிசம்பர் 21ஆம் தேதிதான் தொடங்குகிறது. அன்றிலிருந்து நாற்பது நாளுக்குச் சில்லைக் கலான் என்று பேர். "இதெல்லாம் ஒன்றுமில்லை, மதராசி பாய்" என்று ஒரு பெரியவர் ஃபெரன் அங்கிக்குள் காங்கிடி என்கிற கரிநெருப்புச் சட்டியை அணைத்துக்கொண்டு சொன்னபோது அவர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை.

நேட் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிரிட்டனில் வடிவமைத்து, பெங்களூர் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் கட்டிய ஒற்றை ஆள் விமானம். நீளம் ஒன்பது மீட்டருக்கும் குறைவு. உயரம் இரண்டரை மீட்டர்கூட இல்லை. ஓர்ஃபியஸ் என்ஜின் ஒன்று, 30 மில்லிமீட்டர் ஏடன் பீரங்கி இரண்டு. 1965 போரில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை வீழ்த்தியதால் 'சேபர் ஸ்லேயர்' என்று பேர் வாங்கியது. 1971 நவம்பர் 22இல் வங்காளத்துப் போய்ரா வானத்திலும் நேட்கள் சேபர்களை வீழ்த்தின. அந்தச் செய்தி வந்த அன்று மெஸ்ஸில் நாங்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்கள் நாங்களே சுட்டோம் என்று நினைத்திருப்பார்கள்.

சின்ன விமானம் பைலட்டுக்கு வரம். எதிரி கண்ணுக்குச் சீக்கிரம் தென்படாது. மெக்கானிக்குக்கு அது வேறு கதை. ஒண்டுக்குடித்தன வீடு போல ஒன்றின் மேல் ஒன்றாக உள்ளே எல்லாவற்றையும் திணித்திருப்பார்கள். ஒரு பாகத்தைத் தொட வேண்டுமானால் அதற்கு முன்னால் நிற்கும் இரண்டைக் கழற்ற வேண்டும். ஹைட்ராலிக்கும் வாலில் இருக்கும் கன்ட்ரோலும் எப்போதும் கவனம் கேட்கும். என்ஜினுக்குக் காற்றை உறிஞ்சும் வாய் இரண்டும் தரையிலிருந்து அதிக உயரத்தில் இல்லை. ஒரு நட்டு, ஒரு கல், ஒரு பம்பாய் மிட்டாய்க் காகிதம் கீழே கிடந்தாலும் உள்ளே போகலாம். உள்ளே போனால் என்ஜின் பிளேடு சிதையும்.

அதனால் விடிந்ததும் முதல் வேலை நடை. பட்டம், பதவி பார்க்காமல் வரிசையாகக் கைநீட்டுத் தூரத்தில் நின்று, விமானம் உருளும் பாதை முழுக்கக் குனிந்தபடியே நடந்து, கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்கிப் பைக்குள் போடுவோம். குண்டு விழுந்த நாட்களில் இது இன்னும் நீளும். பள்ளத்தை மூடுவது இன்ஜினியர்களின் வேலை. சிதறிய இரும்புத் துணுக்குகளையும் உறைந்த மண்ணாங்கட்டிகளையும் பொறுக்குவது எங்கள் வேலை. வீரதீரக் கதைகளில் இந்த வேலைக்கு இடம் கிடையாது. ஆனால் அதைச் செய்யாமல் அங்கே ஒரு விமானமும் கிளம்பியிருக்க முடியாது.

நேட்டில் ரேடார் இல்லை. அது பகலில் பறக்கும் விமானம். ஆகவே பகலில் பறக்கும், ராத்திரியில் பழுது பார்ப்போம். ராத்திரி என்றால் முழு இருட்டடிப்பு. டார்ச்சின் கண்ணாடியில் சிவப்புக் காகிதம் ஒட்டி, நடுவில் ஒரு சிறு பொட்டு அளவுக்கு மட்டும் வெளிச்சம் வரும். அந்த வெளிச்சத்தில் ஹைட்ராலிக் எண்ணெய் எது, பனிநீர் எது என்று கண் சொல்லாது. விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் வழுக்கும், நீர் வழுக்காது. கையுறை போட்டிருந்தால் இது தெரியாது. கழற்றினால் விரல் மரத்துப்போகும். ஈரக்கையோடு உறைந்த இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும், பிடுங்கினால் தோல் அங்கேயே நிற்கும்.

இதற்கு எங்கள் சார்ஜென்ட் ஒரு வழி வைத்திருந்தார். குர்தாஸ்பூர் பக்கத்து சர்தார்ஜி. ஒரு வேலைக்கு எப்போதும் இரண்டு பேர். ஒருவன் கையுறையைக் கழற்றிவிட்டு வேலை செய்வான், இன்னொருவன் டார்ச் பிடித்தபடி தன் கைகளை அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொண்டிருப்பான். கொஞ்ச நேரத்தில் ஆள் மாறும். "நான் தாங்குவேன் சார்ஜ்" என்று வீறாப்புக் காட்டினால் திட்டு விழும். மரத்த விரலால் போட்ட ஸ்ப்ளிட் பின், அதாவது நட்டுக் கழலாமல் தடுக்கும் ஊசி, சரியாக மடங்கியிருக்கிறதா என்று போட்டவனுக்கே தெரியாது என்பார். நட்டைக் கட்டிவைக்கும் லாக்கிங் ஒயரும் அப்படித்தான். நட்டு இறுகும் பக்கமாக இழுக்கும்படி முறுக்க வேண்டும். தப்பான பக்கம் முறுக்கினால் பார்வைக்கு அழகாகத்தான் இருக்கும், அதிர்வில் நட்டுக் கழன்றுவிடும். தூக்கக் கலக்கத்தில் பக்கம் மாறிப்போவது சகஜம். ஆகவே ஒவ்வொரு ஒயரையும் முறுக்கி முடித்ததும் நட்டைத் திருப்புகிற மாதிரி கையால் பாவனை செய்து பார்ப்போம். இப்போதும் வீட்டில் குழாய் மாட்டினால் என் கை தானாக அதைச் செய்கிறது. பெண்டாட்டி சிரிப்பாள்.

குளிர் விமானத்தையும் விடாது. காற்றழுத்தம் இறங்கி டயர் லேசாகத் தொய்யும். சக்கரக் காலில் அதிர்ச்சி தாங்கும் ஓலியோ ஒரு விரற்கடை இறங்கி நிற்கும். ரப்பர் சீல்கள் விறைத்து, பகலில் கசியாத இணைப்பு ராத்திரியில் கசியும். பேட்டரி சோம்பும். எரிபொருளில் துளி நீர் இருந்தாலும் உறைந்து வடிகட்டியை அடைக்கும் என்பதால், டாங்கின் அடியிலிருந்து கண்ணாடி ஜாடியில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்போம். இறக்கை மேல் படியும் வெண்பனி மெல்லிய படலமாகத்தான் இருக்கும், ஆனால் காற்று இறக்கையைத் தழுவி ஓடும் விதத்தையே கெடுத்துவிடும், விமானம் எழும்பத் தவிக்கும். சுரண்டக் கூடாது, தகட்டில் கீறல் விழும். துணியாலும் பிரஷ்ஷாலும் பொறுமையாகத் துடைக்க வேண்டும். விடிகாலையில் இரண்டு விமானம் எந்நேரமும் கிளம்பத் தயாராக நிற்கணும். ஆகவே நான்கு மணிக்கே தொடங்குவோம்.

வேலை முடிந்தால் எஃப்-700. விமானத்துக்கு ஒன்றாக இருக்கும் பதிவேடு. என்ன பழுது, யார் பார்த்தது, என்ன மாற்றியது எல்லாம் அதில் எழுதி, ஒவ்வொரு பிரிவுக்காரனும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பைலட் கையெழுத்துப் போட்டு விமானத்தை வாங்கிக்கொள்வார். போர்க்காலத்தில் இதிலெல்லாம் கொஞ்சம் தளர்வு இருக்கும் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். இருந்தது, ஆனால் தளர்ந்தது வேறு இடத்தில். பெயிண்ட் உரிந்தது, ஒரு பேனலின் திருகு தேய்ந்தது, காக்பிட்டில் ஒரு சின்ன விளக்கு எரியவில்லை என்பது மாதிரி பறப்பதைப் பாதிக்காதவற்றை இன்ஜினியரிங் ஆபீஸர் பார்த்துத் தள்ளிவைக்கலாம். தள்ளிவைத்ததும் எழுத்தில் இருக்கும். பார்க்காததைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் போரிலும் அனுமதி கிடையாது.

கன்ட்ரோல் சம்பந்தப்பட்ட எதைக் கழற்றி மாட்டினாலும், மாட்டியவன் பார்த்தபின் சம்பந்தமில்லாத இன்னொருவன் முதலிலிருந்து பார்க்க வேண்டும். சேலத்துக்காரர் ஒரு கார்ப்பரல் இருந்தார், எங்களுக்கெல்லாம் அண்ணன். நான் செய்த வேலையை இரண்டாவதாகப் பார்க்க வந்தால் என்னை அந்தப் பக்கமே நிற்கவிட மாட்டார். "நீ போய் டீ குடிடா தம்பி. நீ பக்கத்துல நின்னா நான் உன் மூஞ்சியப் பாத்து நம்பிருவேன்" என்பார். இதைவிட நல்ல பாடத்தை நான் எந்த டிரெயினிங்கிலும் கேட்டதில்லை. சரிபார்க்கிறவனும் செய்தவனும் ஒன்றாக நின்று பேசிக்கொண்டே பார்த்தால் அது ஒரே ஆள் இரண்டு தடவை பார்த்ததுதான்.

கருவிகளை எண்ணுவதும் அப்படியே. பித்தளை டோக்கன் கொடுத்துத்தான் ஸ்பேனர் வாங்குவோம், ஷிப்ட் முடிவில் பலகையில் எந்த ஆணியும் காலியாக இருக்கக் கூடாது. ஒரு ராத்திரி ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் குறைந்தது. விடியலுக்குக் கொஞ்ச நேரமே இருக்கிறது. எங்கேயாவது பனியில் விழுந்திருக்கும் என்று யாரும் சொல்லத் துணியவில்லை. மூடிய பேனல்களை மறுபடி திறந்தோம். கடைசியில் அது என்ஜின்காரர் ஒருவரின் கோட்டுக் கிழிசல் வழியே உள்துணிக்குள் இறங்கிப் போயிருந்தது. யாரும் அவரைத் திட்டவில்லை. மறுநாள் எல்லாருடைய கோட்டுப் பையும் தைக்கப்பட்டது.

உடம்பைக் காப்பாற்றிக்கொண்ட விதம் இப்போது போகிறவர்களுக்கு அப்படியே பொருந்தும். இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டு பூட்ஸை இறுக்கிக் கட்டினால் சூடாக இருக்கும் என்று நினைப்போம். ரத்த ஓட்டம் நின்று விரல் இன்னும் சீக்கிரம் விறைக்கும். ஒரே ஜோடி கம்பளி சாக்ஸ், தளர்ந்த கயிறு, பையில் காய்ந்த மாற்று ஜோடி, இதுதான் சரி. வெறும் சிமெண்டில் நிற்காதீர்கள், படுக்காதீர்கள். நாங்கள் பழைய பலகை, சாக்கு, அட்டைப்பெட்டி எது கிடைத்தாலும் கீழே போட்டுக்கொள்வோம். வேர்க்கிற அளவுக்கு உடுத்திக்கொள்ளக் கூடாது. வேர்வை ஆறினால் அதுவே குளிராகக் கொல்லும். விறைத்த கையை நேரே நெருப்பில் காட்டினால் வீக்கமும் எரிச்சலும் வரும், தூக்கம் போகும்.

நெருப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாங்கள் தங்கிய பில்லெட்டில் புகாரி என்கிற இரும்பு அடுப்பு இருந்தது, சிலர் காங்கிடிச் சட்டியும் வாங்கி வைத்திருந்தார்கள். எங்கள் டாங்கிரி உடுப்பு முழுக்க விமான எரிபொருள் ஊறியிருக்கும். அதோடு அடுப்புப் பக்கம் போவது கொள்ளிக்கட்டையைக் கட்டிப்பிடிப்பதற்குச் சமம். வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பதில் சார்ஜென்ட் ஈவிரக்கம் காட்டவில்லை. இன்னொன்று, கரி எரியும் அறையில் ஜன்னலை முழுக்க அடைத்துவிட்டுத் தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்ஸைடுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. இருட்டடிப்புக்காகப் போர்வை தொங்கவிட்ட ஜன்னலில்கூட மேலே ஒரு சாண் இடைவெளி விட்டிருந்தோம். குளிர்ப் பிரதேசத்தில் வேலைக்குப் போகிறவர்கள் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நிறுத்த மாட்டேன். மெஸ்ஸில் ரொட்டி, பருப்பு, உருளைக்கிழங்கு, மறுபடி ரொட்டி. விமானங்களைப் பிரித்து நிறுத்தியிருக்கும் டிஸ்பர்சலுக்கு வாளியில் வந்து சேர்வதற்குள் ரொட்டி அப்பளம் மாதிரி ஆகிவிடும். சோற்றுக்கு ஏங்கி அரைமயக்கத்தில் திரிந்த எங்களுக்கு ஒரு நாள்தான் தெரிந்தது, காஷ்மீரிகள் நம்மைப் போலவே சோறு தின்கிறவர்கள் என்று. சமையற்கூடத்தில் உதவிக்கு வரும் உள்ளூர்க்காரர் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த பாத்திரத்தைத் திறந்தார். வெள்ளைச் சோறு, ஹாக் என்கிற கீரை, தாமரைத்தண்டு. தாமரைத்தண்டு வற்றலைப் பொரித்துத் தயிர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் ஊர்க்காரன் நான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடுகெண்ணெய் வாடை மட்டும்தான் கொஞ்சம் இடித்தது. அவர் தந்த உப்புப்போட்ட ரோஸ்நிற டீயைப் பற்றி நல்லதாக எதுவும் சொல்ல இன்றுவரை என்னால் முடியவில்லை.

கடிதத்தில் இடத்தின் பெயர் எழுதக் கூடாது. விலாசம் '56 ஏ.பி.ஓ.' என்று ராணுவத் தபால்நிலையத்தின் எண் மட்டும் இருக்கும். அம்மாவுக்கு அது ஓர் ஊர். "அம்பத்தாறுல மழை உண்டா, கிணத்துத் தண்ணி நல்லாருக்கா" என்று பக்கத்து வீட்டுப் பையனை விட்டு இன்லேண்ட் லெட்டரில் எழுதச் சொல்வாள். நான் நன்றாகச் சாப்பிடுவதாகவும், குளிர் அப்படி ஒன்றும் இல்லை என்றும் பதில் எழுதுவேன். டிரான்சிஸ்டரில் டெல்லியிலிருந்து வரும் தமிழ்ச் செய்தியைப் பிடிக்க ஏரியலைத் திருப்பித் திருப்பி ஒரு ஆளே வேலையாக நிற்பான். ஸ்ரீநகர் மேல் தாக்குதல் என்று செய்தியில் வந்தால், ஊரில் அம்மா கேட்டாலும் பயப்பட மாட்டாள். அவள் பிள்ளை அம்பத்தாறில் அல்லவா இருக்கிறான்.

தாக்குதல் வரும்போது செய்ய ஒன்றுமில்லை. சுற்றிலும் மலை என்பதால் முன்கூட்டிச் சொல்லும் ரேடார் வசதி எங்களுக்கு இல்லை. உயரமான இடங்களில் உட்கார்ந்திருக்கும் கண்காணிப்பு ஆட்கள் வயர்லெஸ்ஸில் சொல்வதுதான். சைரன் கேட்டதும் கையில் இருப்பதை விமானத்துக்குள் விட்டுவிடாமல் எடுத்துக்கொண்டு டிரெஞ்சுக்கு ஓட வேண்டும். டிசம்பர் 14 காலை ஆறு சேபர்கள் வந்தன. ஃப்ளைட் லெப்டினென்ட் குமன் முதலில் கிளம்பினார். ஓடுபாதையில் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே அவருக்குப் பின்னால் ஃப்ளையிங் ஆபீஸர் நிர்மல்ஜித் சிங் செகோன் எழும்பினார். எல்லாரையும் பிரதர் என்று அழைப்பதால் அவருக்கே பிரதர் என்று பேராகிவிட்டது. தனியாக அத்தனை சேபர்களோடு மோதி, திரும்பி வரவில்லை. விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் இதுவரை அவர் ஒருவர்தான். டிரெஞ்சுக்குள் எனக்குக் கேட்டது சத்தம் மட்டும். இதற்கு மேல் அன்றைப் பற்றி நான் சொன்னால் கேள்விப்பட்டதைச் சொல்வதாக ஆகும்.

மேலே வந்தபின் என்ன செய்தோம் என்று கேட்டால், பை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்று பொறுக்கினோம். அடுத்த இரண்டு விமானம் தயாராக நிற்க வேண்டும். கை நடுங்குகிறவனை சார்ஜென்ட் கையெழுத்துப் போடவிடவில்லை. டார்ச் பிடிக்கச் சொன்னார், எரிபொருள் குழாய் இழுக்கச் சொன்னார். சும்மா உட்காரவும் விடவில்லை. அந்த மாதிரி நாளில் ஒருவனுக்கு எந்த வேலையைத் தரலாம், எதைத் தரக்கூடாது என்று தெரிந்த மேலாள் கிடைப்பது பாக்கியம்.

டிசம்பர் 16இல் டாக்காவில் பாகிஸ்தான் படையினர் சரணடைந்தார்கள். மறுநாள் இரவு எட்டு மணியோடு எங்கள் பக்கமும் துப்பாக்கி ஓய்ந்தது. நாங்கள் குதித்தது அன்று ஓர் இரவுதான். விடிந்ததும் எஃப்-700களில் தள்ளிவைத்த வரிகளெல்லாம் காத்திருந்தன. உரிந்த பெயிண்ட், தேய்ந்த திருகு, கசியலாம் என்று குறித்துவைத்த சீல், எரியாத விளக்கு. அப்புறம் அந்தப் பெரியவர் சொன்ன நாற்பது நாளும் வந்தது. லீவு அதற்குப் பிறகுதான்.

ஒன்றை மட்டும் அங்கே நாங்கள் சரியாகக் கவனிக்கவில்லை, யாரும் பெரிதாகச் சொல்லவும் இல்லை. காது. ஓர்ஃபியஸ் கீச்சிடும் பக்கம் பஞ்சு வைத்துக்கொண்டு நின்றவர்களில் பலருக்கு இன்று மெல்லிய ஓசை கேட்பதில்லை. எனக்கு இடது காதில் எப்போதும் ஒரு ரீங்காரம். பஞ்சு போதாது. ஜெட் என்ஜின், ஜெனரேட்டர், கம்ப்ரஸர் எதன் பக்கத்தில் வேலையென்றாலும் காதை முழுக்க மூடும் கவசம் கேட்டு வாங்குங்கள். வேலையில் சேரும்போதே ஆடியோகிராம் என்கிற காதுகேட்புச் சோதனை எடுத்து நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், சில வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி எடுங்கள். படையில் இருப்பவர்களானால், வெளியே வரும்போது நடக்கும் மெடிக்கல் போர்டில் அந்தக் காகிதங்களைக் காட்ட வேண்டியிருக்கும்.